சிவப்பு வட்டம் வச்ச மார்லின்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள் பத்தி சும்மா ரெண்டு பத்திதான் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. முக்கால்வாசிப் பேர் சுத்திச் சுத்திக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: லீவர் ரைபிளுக்குப் பேர்போன அமெரிக்கக் கம்பெனி மார்லின் இப்போ ரூகர்ங்கற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி கைக்குப் போயாச்சே, இனிமேலாவது பழைய மாதிரி வருமா? அதனால இந்த மாசம் பூரா அதுக்கே ஒதுக்கிட்டேன். மீன்பிடி கேள்வி அனுப்பினவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: அண்ணே, கவ்பாய் படத்துல ட்ரிகருக்குக் கீழ இருக்கற வளையத்தை படக் படக்குன்னு இறக்கி ஏத்திச் சுடுவாங்களே, அதுதானே லீவர் ஆக்‌ஷன்? இவ்வளவு நவீனமான துப்பாக்கியெல்லாம் வந்த பிறகும் அமெரிக்காவுல அதை யார் வாங்கறாங்க? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அதேதான் தம்பி. வளையத்தைக் கீழ தள்ளும்போது போல்ட், அதாவது தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டற இரும்புத் துண்டு, பின்னால வந்து, சுட்டு முடிச்ச தோட்டாவோட காலிக் கூட்டை (கேஸ்) வெளிய எறியும், போற வழியில தோட்டாவைச் சுட வைக்கற சுத்தியலான ஹேமரையும் சாய்ச்சு வச்சிடும், பேரலுக்கு, அதாவது சுடற குழலுக்கு, அடியில ஒரு குழாய் ஓடுது பாருங்க, அதுதான் மேகசின், அதுல இருந்து ஒரு தோட்டா ஸ்பிரிங் தள்ளி கேரியர்ங்கற சின்னத் தட்டு மேல வந்து உக்காரும், வளையத்தை மேல இழுத்தா தட்டு தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும், போல்ட் அதை உள்ள தள்ளிப் பூட்டிக்கும். இவ்வளவும் ஒரு மணிக்கட்டு அசைவுல. தோளை விட்டு துப்பாக்கியை இறக்கவே வேண்டாம்.

குழாய்க்குள்ள தோட்டா ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்கறதால ஒரு தோட்டாவோட மூக்கு முன்னால நிக்கறதோட பின்பக்கத்துல இருக்கற, அடிபட்டா பத்திக்கற பிரைமர் மேல இடிச்சுக்கிட்டே இருக்கும், கூர் மூக்கா இருந்து சுடற உதைப்புல குத்திடுச்சுன்னா உள்ளயே வெடிச்சிடும், அதனாலதான் இதுக்கு மூக்கு தட்டையான தோட்டா. பின்னால ஹோர்னடி கம்பெனி மெத்துன்னு வளையற பாலிமர் முனை வச்சு கூர் தோட்டா கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் இந்தப் பழைய ரைபிளுக்கே கொஞ்சம் எட்டம் கூடிப் போச்சு.

யார் வாங்கறாங்கன்னா, நான் இருக்கற பென்சில்வேனியாவுல வந்து பாருங்க. இங்க மான் வேட்டைக்கு, ஒவ்வொரு தடவை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏத்திக்கற செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் கூடாதுன்னு சட்டம், காடும் அடர்த்தி, நூறு கெஜத்துக்கு மேல பார்வை போற இடமே கம்மி. அந்த இடத்துக்கு கைக்கு அடக்கமா, தட்டையா, தோள்ல கனக்காத 30-30 லீவர் ரைபிள் அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி பொருந்தும். 30-30 தோட்டா வந்தது 1895ல, இன்னிக்கும் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையில கூட கிடைக்கும். வேட்டை சீசன் நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிச்சு ஆரம்பிக்கும்போது ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டு மரத்தடியில உக்காந்திருக்கறவங்க மடியில பாத்தீங்கன்னா ஒண்ணு வின்செஸ்டர் 94 இருக்கும், இல்ல மார்லின் 336 இருக்கும், பெரும்பாலும் அப்பாவோடதோ தாத்தாவோடதோ.

கேள்வி: வணக்கம் அண்ணா. பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருஷம் என்னை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போய் அவரோட மார்லின் 336ஐ சுடக் கொடுத்தார், அதுல இருந்து மனசு அங்கயே நிக்குது. கிரீன் கார்டு வந்தாச்சு, ஒண்ணு வாங்கலாம்னு கேட்டா ஒருத்தர் "ரெம்லின் வாங்கிடாத", இன்னொருத்தர் "ஜேஎம் முத்திரை பாத்து வாங்கு", மூணாவது ஆள் "ரூகர் வந்தாச்சு கவலையே வேண்டாம்"ங்கறார். என்னதான் நடந்தது இந்தக் கம்பெனிக்கு? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: தம்பி, உங்க மனசு எங்க நிக்குதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். என்கிட்ட இருக்கற 336 வேட்டையை நிறுத்திட்ட ஒரு பெரியவர்கிட்ட வாங்கினது. ரிசீவரோட, அதாவது போல்ட்டும் லீவரும் உக்காந்திருக்கற நடு இரும்புக் கூட்டோட, அடிப்பக்கத்துல, ஒத்தைக் கையில தூக்கிட்டு நடக்கும்போது விரல் எங்க சுத்திப் பிடிக்குமோ சரியா அந்த இடத்துல மட்டும் நீல நிறம் தேஞ்சு வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும், முப்பது நாப்பது சீசன் அவர் கை பிடிச்ச தடம் அது. வாங்கின அன்னிக்கு ராத்திரி லீவர் ஸ்க்ரூ ஒண்ணே ஒண்ணைத்தான் கழட்டினேன், லீவர் கையோட வந்துது, போல்ட் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துது, காலி கேஸைத் தள்ளற எஜெக்டரை விரலால எடுத்துட்டேன், அவ்வளவுதான், பேரலை பின்பக்கமா இருந்தே துடைக்கலாம். வின்செஸ்டர் 94 வச்சிருக்கறவங்க இந்த இடத்துல கொஞ்சம் பொறாமைப்படுவாங்க.

இனி கதைக்கு வர்றேன். ஜான் மார்லின் 1870ல கனெக்டிகட் நியூ ஹேவன்ல ஆரம்பிச்ச கம்பெனி. அதே ஊர்ல வின்செஸ்டர் பெரிய கை, அவங்க ரைபிள் காலி கேஸை மேல எறியும், மார்லின் 1889ல மேல்பக்கத்தை கெட்டியா மூடி பக்கவாட்டுல எறியற மாதிரி பண்ணாங்க, அந்த ஒரு முடிவுதான் அறுபது வருஷம் கழிச்சு எல்லாரும் ரைபிள் மேல ஸ்கோப் (தூரத்தைக் கிட்டக் காட்டற குழாய்) மாட்ட ஆரம்பிச்சப்போ மார்லினுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி ஆச்சு. முதல் உலகப் போருக்கு அப்புறம் கம்பெனி நொடிஞ்சு ஏலத்துக்கு வந்துது, 1924ல ஃபிராங்க் கென்னாங்கற வக்கீல் வெறும் 100 டாலருக்கு எடுத்தார், கூடவே ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனும் அவர் தலையில. நடுவுல சவர பிளேடு கூட வித்துப் பிழைச்சாங்க. 1948ல 336 வந்துது, அந்தக் குடும்பம்தான் 2007 கடைசி வரைக்கும் நடத்துச்சு. பேரல்ல ரிசீவர் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஜேஎம்னு சின்னதா அடிச்சிருக்கும், ஜான் மார்லின் பேர்தான் அது.

2007 டிசம்பர்ல ரெமிங்டன்ங்கற பெரிய துப்பாக்கிக் கம்பெனி மார்லினை வாங்கறதா அறிவிச்சாங்க, ரெமிங்டனையே அதே வருஷம்தான் செர்பரஸ்ங்கற முதலீட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. 2011ல நார்த் ஹேவன் ஆலையை இழுத்து மூடிட்டு மெஷினையெல்லாம் நியூயார்க் மாநிலத்துல இலியனுக்குக் கொண்டு போனாங்க. மெஷின் போச்சு, ஆள் போகல, இருநூறுக்கும் மேல பேருக்கு வேலை போச்சு. அந்த மெஷினெல்லாம் பல பத்து வருஷம் பழசு, எந்த மெஷின் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த பாகத்தை எவ்வளவு ராவினா உக்காரும்னு அங்க வேலை பாத்தவங்க கைக்குத்தான் தெரியும், வரைபடத்துல அது எழுதியே இருக்காது. நம்ம ஊர்ல ஒரு பழைய தறியை நெசவாளி இல்லாம வண்டியில ஏத்திக் கொண்டு போய் வேற ஊர்ல இறக்கி வச்சுட்டு நாளைக்குச் சேலை குடுன்னு கேட்டா எப்படி இருக்கும், அதுதான் நடந்தது. குறி பாக்கற சைட் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல இடைவெளி, லீவர் கரகரங்குதுன்னு அந்த ஆரம்ப வருஷத்து ரைபிள் பத்தி அமெரிக்கா முழுக்க பேச்சாச்சு, அப்படி ரெமிங்டனையும் மார்லினையும் சேத்து வந்ததுதான் ரெம்லின்ங்கற பட்டப்பேர். நியாயமா ஒண்ணு சொல்லணும், கடைசி சில வருஷத்துல நல்லாவே தேறிச்சுன்னு வச்சிருக்கறவங்க நிறைய பேர் சொல்றாங்க. ஆனா கெட்ட பேர் ஒட்டிக்கிச்சு.

ரெமிங்டன் 2018ல ஒரு தடவை திவால், 2020 ஜூலையில மறுபடியும். செப்டம்பர்ல கம்பெனியைக் கூறு கூறா ஏலம் விட்டாங்க, மார்லினை ரூகர் எடுத்தாங்க, சுமார் 28 மில்லியன் டாலர். நவம்பர்ல கைமாறிச்சு. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்கு வந்த போன் கொஞ்சநஞ்சமில்ல, ஏதோ சொந்தக்காரங்க வீட்டுல மீட்டுக்கிட்ட மாதிரி எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, நானும்தான்.

கேள்வி: சார், நான் நார்த் கரோலினா கிரீன்ஸ்பரோ பக்கம் இருக்கேன், ரூகர் ஆலை இருக்கற மேயோடன் எங்களுக்குப் பக்கம்தான். ரெமிங்டனும் பெரிய கம்பெனிதானே, அவங்களால முடியாதது ரூகரால மட்டும் எப்படி முடியும்? நம்பிக்கைக்குக் காரணம் இருக்கா, இல்ல வெறும் ஆசைதானா? (நார்த் கரோலினா வாசகர்)

பதில்: ரெண்டும் இருக்கு சார். ஆசை என்னோடது, காரணம் அவங்க பண்ணினது.

முதல் காரணம் பொறுமை. வாங்கின உடனே ஜேஎம் பேர்ல எதையாவது ஒட்டி வித்திருந்தா கூட ஜனம் வரிசையில நின்னு வாங்கியிருக்கும், 2020, 21ல அமெரிக்காவுல துப்பாக்கிக் கடை அலமாரியெல்லாம் காலியா கிடந்த நேரம் அது. அவங்க ஒரு வருஷத்துக்கு மேல ஒண்ணு கூட விக்கல. மேயோடன்ல முன்ன ஜவுளி ஆலையா இருந்த கட்டடத்துல அவங்க ஏற்கனவே வேலை நடத்திட்டிருந்தாங்க, வாங்கினதையெல்லாம் அங்க கொண்டு வந்து வச்சு, எந்த பாகம் எந்த அளவுல இருக்கணும்னு முதல்ல இருந்து பாத்து, 2021 டிசம்பர்லதான் முதல் ரைபிளை வெளிய விட்டாங்க: 45-70ங்கற தோட்டாவுக்கான 1895 எஸ்பிஎல் மாடல். பேரல் அவங்க வழக்கப்படி ஹேமர் ஃபோர்ஜிங், அதாவது இரும்பை ஒரு கம்பி மேல வச்சு சுத்தியும் அடிச்சு அடிச்சு உள்ளே இருக்கற ரைஃப்ளிங்கையும் (தோட்டாவைச் சுழல வைக்கற திருகு வரி) சேத்தே உருவாக்கறது. 336 கிளாசிக் 2023 மார்ச்ல வந்துது, அதுக்கப்புறம் 1894ங்கற மாடல். ஒவ்வொண்ணா, அவசரப்படாம.

ரெண்டாவது காரணம் பழைய கதை, எனக்கு இதுதான் முக்கியமா படுது. பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949ல கனெக்டிகட்லதான் ஆரம்பிச்சாங்க, மார்லின் பொறந்த அதே மாநிலம். கோல்ட்ங்கற ரிவால்வர் கம்பெனி, ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கட்டை விரலால சாய்ச்சுச் சுடற பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை ரெண்டாம் உலகப் போர் சமயத்துலயே நிறுத்திட்டாங்க, இனிமே அதை யார் வாங்கப் போறாங்கன்னு. ரூகர் 1953ல அதே பாணியில சிங்கிள் சிக்ஸ், 1955ல பிளாக்ஹாக்னு கொண்டு வந்தார், பாக்க பழசு, உள்ள ஒடியற பட்டை ஸ்பிரிங்கை எடுத்துட்டு சுருள் ஸ்பிரிங். வித்த வேகத்தைப் பாத்து கோல்ட்டே 1956ல திரும்பி வந்தாங்க. அப்புறம் அறுபதுகள்ல, ஒத்தைத் தோட்டா ரைபிள் செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொன்னப்போ நம்பர் 1ங்கற ஒத்தைத் தோட்டா ரைபிளையே விட்டாங்க. பழசோட உருவத்தைக் கெடுக்காம உள்ளே இருக்கற குறையை மட்டும் எடுக்கற புத்தி அந்தக் கம்பெனி ரத்தத்துல இருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா மார்லின்லயும் சரி பண்ண வேண்டிய பழைய குறை உண்டு, ஜேஎம் காலத்துல எல்லாமே தங்கம்னு பேசறது சரியில்ல. 1894 மாடல் வச்சிருக்கறவங்களைக் கேளுங்க, மார்லின் ஜாம்னு ஒண்ணு சொல்வாங்க. லீவரோட ஒரு விளிம்பு கேரியர் அடியில உரசி உரசி ஒரு சின்னக் குழி விழுந்துடும், நகத்தை வச்சுத் தடவினா தட்டுப்படற அளவுதான், அந்த அளவுக்கு கேரியர் தாழ்ந்துட்டா குழாயில இருந்து ரெண்டாவது தோட்டாவும் எட்டிப் பாத்து நுழைஞ்சிடும், அப்புறம் லீவர் மேலயும் வராது கீழயும் போகாது. அந்த லீவர் விளிம்பை ஆலையிலயே மழுக்கி, கேரியரை கெட்டியா பண்ணி அனுப்பணும்ங்கறது என் பெரிய ஆசை. இன்னொண்ணு, 44 மேக்னம் தோட்டாவுக்கான 1894 மாடல்ல பேரல் உள்ள அந்தத் திருகு வரியோட முறுக்கு 38 அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னு மெதுவா இருந்துச்சு, கனமான தோட்டாவுக்கு அது போதாதுன்னு பல வருஷமா ஜனம் கத்திட்டிருந்தாங்க, ரூகர் அதை 20 அங்குலத்துக்கு ஒரு சுத்தா மாத்திட்டாங்க. கேட்டவங்க குரல் யார் காதுலயோ விழுந்திருக்கு பாருங்க.

வின்செஸ்டர் கதை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அவங்க 1964ல செலவைக் குறைக்கறோம்னு 94ஓட பாகங்களை மாத்தினாங்க, இன்னிக்கு வரைக்கும் 64க்கு முன்னாடி வந்ததுக்கு ஒரு விலை, பின்னாடி வந்ததுக்கு ஒரு விலை. அதுக்கப்புறம் எவ்வளவோ நல்லா பண்ணியும் அந்தக் கோடு அழியல. நியூ ஹேவன் ஆலையும் 2006ல மூடியாச்சு, இப்போ 94 ஜப்பான்ல மிரோக்கு ஆலையில தயாராகி வருது, அருமையான வேலை, ஆனா விலை வேற உயரத்துல. மார்லின் அந்த வழியில போகாம இங்கயே ஒரு ஆலையில திரும்ப நிக்குது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு பழைய மார்லின் ஒண்ணு தேடறேன். கடையில எந்தக் காலத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? விக்கறவர் சொல்றதை நம்ப வேண்டியிருக்கு. (டெக்சாஸ் வாசகி)

பதில்: நம்பவே வேண்டாம்மா, ரைபிளே சொல்லும். 1973க்கு அப்புறம் வந்ததுல சீரியல் நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்தை 2000ல இருந்து கழிங்க, என்னோடது 22ல ஆரம்பிக்குது, அப்போ 1978. 2000க்குப் பிறகு வந்ததுக்கு 2100ல இருந்து கழிக்கணும், 95ன்னா 2005. எம்ஆர்னு எழுத்து முன்னால இருந்தா ரெமிங்டன் காலம், ஆர்எம்னு இருந்தா ரூகர், அதுல பேரல்லயே மேயோடன்னு ஊர் பேரும் இருக்கும். தோள்ல வைக்கற கட்டை (ஸ்டாக்) அடியில ஒரு சின்ன வட்டப் பொட்டு பதிச்சிருப்பாங்க, பழசுல கறுப்பு வெள்ளை, ரூகரோடதுல சிவப்பு வெள்ளை. ஜேஎம் முத்திரையை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஆலை மாறின புதுசுல மிச்சமிருந்த பழைய பேரல் சிலதுலயும் அது இருந்திருக்கு.

அப்புறம் கடைக்காரர்கிட்ட காலியா இருக்கான்னு நீங்களே ஒரு தடவை திறந்து பாத்துட்டு, பின்பக்கமா இருந்து கண்ணை மேல்பரப்போட சமமா வச்சுப் பாருங்க, முன் சைட்டும் பின் சைட்டும் ஒரே நேர்கோட்டுல, கோயில் கொடிமரம் மாதிரி நட்டுக்குத்தலா நிக்கணும். லீவரை மெதுவா, ரொம்ப மெதுவா இறக்கி ஏத்துங்க, வேகமா பண்ணா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மெதுவா போகும்போது எங்கயாவது கல்லுல இடிச்ச மாதிரி நின்னா வேற பாருங்க. மரமும் இரும்பும் சேர்ற இடத்துல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி இருக்கான்னும் பாத்துக்குங்க. எண்பதுகளுக்கு முந்தினதுல ரிசீவர்ல குறுக்கு சேஃப்டி பட்டன் கிடையாது, ஹேமரை பாதி சாய்ச்சு நிறுத்தறதுதான் பாதுகாப்பு, அதனால வீட்டுக்காரர் புதுசா பழகறவர்னா பட்டன் இருக்கறதையே எடுங்க.

கேள்வி: எச்1பி விசாவுல இருக்கேன், நானும் வாங்கலாமா? (நியூஜெர்சி வாசகர்)

பதில்: பொதுவா கூடாது தம்பி, ஃபெடரல் சட்டப்படி அந்த மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வாங்கவோ வச்சுக்கவோ தடை. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. ஆனா மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி வேற இருக்கு, உங்க மாநிலம் ரொம்பக் கெடுபிடி. விசா சம்பந்தப்பட்ட விஷயம், ஒரு தப்பு நடந்தா வாழ்க்கையே திசை மாறிடும், ஒரு வக்கீல்கிட்ட காசு கொடுத்துக் கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

கேள்வி: ரூகர் மார்லின் விலையைப் பாத்தா தலை சுத்துது அண்ணே. இது சாதாரண ஆள் துப்பாக்கின்னு நீங்கதான் எழுதியிருந்தீங்க. அப்புறம் சின்ன 22 காலிபர் தோட்டா சுடற அந்த மார்லின் 39ஏ எப்போ வரும்? (ஒஹையோ வாசகர்)

பதில்: விலை விஷயத்துல நான் உங்க கட்சி. 1895 எஸ்பிஎல் 1,399 டாலர் பட்டியல் விலையில வந்துது, 336 கிளாசிக் 1,239. வேலைப்பாடு அந்த விலைக்குத் தகுதியானதுதான், கையில எடுத்துப் பாத்தேன், வால்நட் மரம் இரும்போட உக்காந்திருக்கற விதத்தைத் தடவிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் கீழ வைக்க மனசு வரல. ஆனா 336ங்கறது ஆலைத் தொழிலாளியும் பண்ணைக்காரரும் ஒரு சீசன் காசு சேத்து வாங்கி மகனுக்குக் கொடுத்துட்டுப் போன ரைபிள். பேரல் முனையில மரை போட்டது, ஸ்கோப் மாட்ட மேல நீளமா ரயில்ங்கற பட்டை போட்டது, கறுப்பு பாலிமர் ஸ்டாக் போட்டது எல்லாம் வரட்டும், வாங்கறவங்க இருக்காங்க, அந்தக் காசுதான் ஆலையை ஓட்டும். அதோட சேத்து பளபளப்பே இல்லாம, சாதா மரத்துல, சாதா இரும்பு சைட்டோட ஒரு 336 குறைஞ்ச விலைக்கு வரணும், 35 ரெமிங்டன் தோட்டாவுக்கும் ஒண்ணு வரணும், எங்க பக்கத்துக் காட்டுல பழைய வேட்டைக்காரங்க அதை உயிரா வச்சிருக்காங்க, தோட்டா கிடைக்காம அலையறாங்க. உள்ளே இருக்கற வேலையில கை வைக்காம வெளி அலங்காரத்துல மட்டும் குறைச்சு அதைப் பண்ண முடியும்னு நான் நம்பறேன்.

39ஏதான் கஷ்டமான கேள்வி. குறி தப்பாமச் சுடறதுக்குப் பேர்போன ஆனி ஓக்லிங்கற அம்மா கையில இருந்த 1891 மாடலோட வாரிசு அது, மெஷின்ல கடைஞ்ச கெட்டி இரும்பு ரிசீவர், பக்கத்துல இருக்கற ஒரு பெரிய திருகை விரலாலயே கழட்டினா ரைபிள் ரெண்டா பிரிஞ்சு பைக்குள்ள போயிடும். 22 ரைபிள்ல அப்படி வேலை செஞ்சா அடக்க விலையே எகிறிடும், அதே கடையில ஹென்றி கம்பெனியோட 22 லீவர் ரைபிள் ரொம்பக் குறைஞ்ச விலைக்குத் தொங்கும். அதனால ரூகர் அதை கடைசியா எடுத்தா எனக்குக் கோபம் வராது. ஆனா எடுக்கணும். அந்தத் திருகு விரலால திறக்கற மாதிரியே இருக்கணும், ரிசீவர் இரும்பாவே இருக்கணும், அலுமினியம் வேண்டாம். என் பொண்ணுக்கு இப்போ ஒன்பது வயசு, பன்னெண்டு ஆகும்போது அவளுக்குன்னு ஒண்ணு வாங்க இப்பவே மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வச்சுட்டு வர்றேன், அதுக்குள்ள சிவப்பு வட்டம் வச்சு வந்தா அது, இல்லேன்னா பழசுல 19ல ஆரம்பிக்கற சீரியல் நம்பர் ஏதாவது கிடைக்குதான்னு தேடுவேன்.